ஹெர்மிஸ் கப்பலுக்குச் சுழியோடப் போவோருக்கு: மட்டக்களப்பு சேவை எப்படி?

புதிதாகச் சுழியோடப் பழகியவர்கள் இதற்கு ஆசைப்பட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் கிடப்பது ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில்; பொழுதுபோக்காக இறங்குபவர்களுக்கு 40 மீற்றர்தான் எல்லை. எங்களோடு வந்த ஒருவர் அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்தவர், கூடக் காசு தருகிறேன் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், இந்தச் சுழியோடல் சேவைக்காரர்கள் மசியவே இல்லை. ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலுக்குப் போகச் சொன்னார்கள், அதுவும் ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில் குண்டுபட்டு மூழ்கிய கப்பல்தான். இந்தக் கண்டிப்புக்காகவே இவர்களை நம்பிப் போகலாம்.

சிலிண்டர், கயிறு எல்லாம் ஒழுங்காக இருந்தன. மேலே வரும்போது அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழிகாட்டி கூடவே நின்றார். கீழே ஒருக்களித்துக் கிடக்கிறது கப்பல். விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றின் குழல் முழுக்கப் பாசியும் சிப்பியும் மூடியிருக்க, அதைச் சுற்றிப் பாரை மீன்கள் ஓடின. கூட வந்தவர் எதையோ கையில் எடுக்கப் போனபோது வழிகாட்டி உடனே தடுத்தார், அது மிகச் சரி.

குறை என்றால் ஒன்றுதான், இறங்குமுன் கப்பலின் கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். விமானந்தாங்கியாகவே வடிவமைத்து 1918இல் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் இது (ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டு சேவைக்கு வந்துவிட்டது). 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்படப் போகிறது என்று முதல் நாளே துறைமுகத்தைவிட்டு அனுப்பினார்கள், ஆனால் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை! மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது, அப்புறம் எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன, கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக் காப்பாற்றியது. இதையெல்லாம் கரையில் ஒரு பத்து நிமிடம் உட்கார்த்திச் சொன்னால், வெறும் இரும்பைப் பார்க்க வந்தவர்கூட இத்தனை பேர் அடங்கிய இடம் என்று தெரிந்து இறங்குவார். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் கடல் இடம் கொடுக்கும். பதியும்போதே சான்றிதழையும் இதுவரை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள், இல்லையென்றால் கரையிலேயே திருப்பிவிடுவார்கள்.