நான்கு முறை அலைன்மென்ட் செய்தும் நேராக ஓடாத கார்: ஒரு சஸ்பென்ஷன் ஒர்க்‌ஷாப் அனுபவம்

என் காருக்கு 17 வயது. அப்பா ஓட்டிய வண்டி, இப்போது நான் ஓட்டுகிறேன். கடந்த ஒரு வருடமாக 70-ஐத் தாண்டினாலே அது அலைபாய ஆரம்பித்துவிடும். ஒரே பக்கமாக இழுக்காது. கொஞ்சம் இடது பக்கம் போகும், திருத்துவேன். உடனே வலது பக்கம் சாயும், மறுபடி திருத்துவேன். பெரிய லாரி ஒன்று கடந்து போனால் அந்தக் காற்றுக்கே ஒரு அடி நகரும். ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கினால் தோள்பட்டை இரண்டும் கல்லாக இறுகியிருக்கும்.

சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டை டயர் கடையில் நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் எல்லா எண்களும் பச்சையில் இருக்கும் தாளைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும், அப்புறம் பழைய கதைதான். வேறொரு இடத்தில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் ராக் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் செலவுக்குத் தயாராகி, கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று போன இடம்தான் இது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங் வேலை மட்டும் செய்யும் சிறிய ஒர்க்‌ஷாப். வயதான மெக்கானிக் ஒருவர், அவருக்கு உதவியாக இரண்டு பையன்கள்.

வண்டியைத் தொடுவதற்கு முன்பே பெரியவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. "அலையுதா, இழுக்குதாம்மா? ரெண்டும் வேற வேற." அடுத்து, "ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கும்போது வண்டி தலையைத் திருப்புதா? பிரேக் மிதிச்சா?" யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஆமாம், காலை எடுத்தால் லேசாக ஒரு பக்கம் திரும்பும், மறுபடி மிதித்தால் எதிர்ப் பக்கம். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

முதலில் காற்று பார்த்தார்கள். முன் டயர்களில் ஒன்றில் 31, மற்றதில் 24. சரிசெய்துவிட்டு, டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளாக ஒருமுறை, உள்ளிருந்து வெளியாக ஒருமுறை தடவச் சொன்னார். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி கீறல். மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவுதான் டோ. அது தவறாக இருக்கும்போது டயர் பக்கவாட்டில் தேய்வதால் இப்படி ஆகுமாம். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். டயரே காரணமாக இருந்தால், இடம் மாற்றியதும் இழுக்கும் திசையும் மாறும். எங்கள் வண்டியில் எதுவும் மாறவில்லை.

அடுத்துச் செய்த சோதனைக்காகத்தான் இதை எழுதுகிறேன். வண்டியை ஜாக்கியில் தூக்கவில்லை. நான்கு சக்கரமும் தரையைத் தொட்டபடி குழியின் மேல் நிறுத்தி, என்னை உள்ளே உட்காரச் சொன்னார்கள். என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை மணிக்கட்டளவு மட்டும் இடதும் வலதுமாகச் சீராக ஆட்ட வேண்டும். பெரியவர் குழிக்குள் நின்று ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு ஒரு பையனை உள்ளே உட்கார வைத்து, என்னைக் கீழே கூப்பிட்டார். "கண்ணால பார்க்காதீங்க, கட்டை விரலை வைங்க."

ராக்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பிதான் டை ராட். வலது பக்கத்தில் அதன் நுனி மூட்டான டை ராட் எண்டும் அதைத் தாங்கும் இரும்புக் கையும் சேரும் இடத்தில் விரலை வைத்தேன். ஸ்டியரிங் திரும்பும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஒரு சின்ன அடி விரல் நுனியில் பட்டது. ராட் முதலில் நகர்கிறது, சக்கரம் கொஞ்சம் தாமதமாக நகர்கிறது. இடது பக்கத்தில் வைத்தேன், இரண்டும் ஒன்றாகவே அசைந்தன. வலது பக்க ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்த சேறு மாதிரி மணல் கலந்து கிடந்தது. ஒரு வருடமாக என் தோள் பட்ட பாட்டின் பாதி அந்த விரல் நுனி அளவு இடைவெளியில் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் தூக்கினார்கள். சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் பக்கத்து ஆட்டம் தெரியும். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரிவது, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங்கின் ஆட்டம். இடது சக்கரம் 12, 6-ல் லேசாக ஆடியது. ஒரு பையன் பிரேக்கை மிதித்துப் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. அப்படியானால் பேரிங்தான், பால் ஜாயிண்ட் இல்லை என்றார். ஏனென்றால் பிரேக் மிதித்தால் அது டிஸ்க்கையும், சக்கரம் மாட்டியிருக்கும் ஹப்பையும் அசையாமல் பூட்டிவிடும், பால் ஜாயிண்டின் ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. இவ்வளவு எளிய சோதனை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ராக்கையும் விடவில்லை. அதன் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை (பெல்லோஸ்) வெளியிலிருந்தே அழுத்திப் பிடித்து, உள் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். ராக்கை வண்டியோடு பிடிக்கும் கிளாம்ப்பையும் பார்த்தார். இரண்டும் உறுதி. முழுதாக மாற்றச் சொன்ன அதே ராக்.

கடைசியாக லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியின் உடலோடு இணைக்கும் இரும்புச் சட்டம். அதன் பின்பக்க ரப்பர் மூட்டான புஷ்ஷில் ஒரு நீண்ட லீவரைச் செருகி நெம்பினார். ரப்பர் நடுவிலிருந்த இரும்புக் குழாயை விட்டுப் பாதி வட்டம் பிரிந்திருந்தது. நெம்பும்போது வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. பிரேக் போட்டால் சக்கரம் பின்னால் தள்ளப்படும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்னால் இழுக்கப்படும். அந்த அசைவைப் பிடித்து நிறுத்த வேண்டியது இந்த ரப்பர்தான். அது பிரிந்துவிட்டால் காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) டோவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நான்கு அலைன்மென்ட் தாள்களும் பச்சையாக வந்ததற்கு விடை இங்கே கிடைத்தது. மேடையில் அசையாமல் நிற்கும் வண்டியில் அளந்த எண்கள், ஓடும் வண்டியில் நிலைக்கவே இல்லை.

வேலையில் மாற்றியவை: இரண்டு பக்க டை ராட் எண்டுகள், இரண்டு லோயர் ஆர்ம்களின் புஷ்கள், இடது முன் பேரிங். புஷ் போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது முழுதாக இறுக்கவில்லை. தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு முறை அமுக்கி உட்கார வைத்து, அப்புறம்தான் இறுக்கினார்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். நான் கேட்காமலே செய்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த இடத்தை மனதாரப் பாராட்டுவேன். எல்லாம் முடிந்த பிறகே அலைன்மென்ட்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஒரு நாளில் முடியும் என்றது இரண்டரை நாள் ஆனது, இடையில் ஒரு போன்கூட வரவில்லை. கண்டுபிடித்த எதையும் எழுதித் தரவில்லை, எல்லாம் வாய்வழிதான், நானே குறித்துக்கொண்டேன். பழைய பாகங்களையும் கேட்ட பிறகே காட்டினார்கள். முதல் நாள் ஓட்டியபோது வண்டி நேராகப் போனது, ஆனால் ஸ்டியரிங் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து நின்றது. அலைன்மென்ட்டுக்கு முன் ஸ்டியரிங்கை நடுவில் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். திரும்பப் போனதும் மறுபேச்சில்லாமல், தனிக் காசு வாங்காமல், இரண்டு டை ராட்களையும் சம அளவு திருகிச் சரிசெய்தார்கள். முதல் முறையே ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வண்டிக்கும் பத்து வயது தாண்டி இதே தொல்லை இருந்தால், எந்த ஒர்க்‌ஷாப் போனாலும், சக்கரம் தரையில் இருக்கும்போது ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் அலைன்மென்ட் மேடைக்கு ஏற்றினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் அதே நெடுஞ்சாலையில் 80-ல் போனேன். லாரி கடந்தபோது வண்டி ஒரு மெல்லிய அசைவோடு தானாக நேரானது. பின் சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டு வந்தார். பின்பக்க வலது ஷாக்கில் எண்ணெய் கசிவதை அப்போதே காட்டினார்கள். இப்போது மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் பின்பக்கம் மூன்று முறை குதிக்கிறது. ஜோடியாக மாற்ற வேண்டும். அடுத்த மாதம் அங்கேதான் விடப்போகிறேன், இந்த முறை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குவேன்.