டிஸ்ப்ளே மாற்றிய பிறகு தெகல்தொருவ

பண்டாரவளையில் சித்திரம் படிப்பிக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, உங்ககிட்ட இருக்கிற அதே டெப் செகண்ட் ஹேண்ட்ல குறைஞ்ச விலைக்கு வருது. உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்ட வாங்கவா?" போனில் ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் டெப்பை (டேப்லட்) 2019இல் வாங்கினேன். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புதுசு வாங்கும் எண்ணமே போய்விட்டது. பேட்டரி, வேகம் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. என் கோபம் எல்லாம் ஒரே விஷயத்தில்: சிவப்பு.

முதலில் அது தந்ததைச் சொல்லவேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பௌத்த கோயில் தெகல்தொருவ விகாரை. அதன் சுவரில் உள்ள வெஸ்ஸந்தர ஜாதகத்தை, அதாவது புத்தர் முற்பிறவியில் எல்லாவற்றையும் தானம் செய்த இளவரசனாக இருந்த கதையை, நான் பல வருடம் தீப்பெட்டி அளவு படத்தில்தான் படிப்பித்தேன். நீண்ட சுவரில் ஒரே ஒரு காட்சி, மற்றதெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். "தொடர் கதை முறை, சிவப்புப் பின்னணி, வெற்றிடங்களில் பூக்கள்" என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் பாடமாக்கி மார்க்ஸ் எடுத்தார்கள். ஒரு லீவில் கண்டிக்குப் போய், லேவெல்லப் பாலம் தாண்டி, பிக்குவிடம் அனுமதி கேட்டு, ஃபிளாஷ் போடாமல் சுவரைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து வந்து, டெப்பில் ஒன்றாக ஒட்டினேன். அன்று இரவு விரலால் தள்ளிக்கொண்டே போனேன். அதே வெஸ்ஸந்தரன் திரும்பத் திரும்ப வருகிறான். யானையைக் கொடுக்கிறான், பிள்ளைகளைக் கொடுக்கிறான். விரல் நகர நகரக் கதையும் நடந்தது. தொடர் கதை முறை என்று எழுதிப்போட்டேனே, அது என்னவென்று எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது. பெரிதாக்கினால் கறுப்புக் கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே மெலிகிறது என்று ஓவியரின் கை தெரிந்தது.

ரெம்பிராண்ட்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தையும் இதில்தான் காட்டினேன். ஆம்ஸ்டர்டாமில் 8,439 படங்கள் எடுத்து ஒட்டி, 717 ஜிகாபிக்சலில் (ஒரு ஜிகாபிக்சல் என்றால் நூறு கோடிப் புள்ளி) 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். திரையில் தெரியும் பகுதி மட்டும் இறங்குவதால் எங்கள் மலையில் கிடைக்கும் சிக்னலுக்கும் அது திறந்தது. அதைப் பார்த்த கண்ணோடு என் ஒட்டுப்படத்தைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். ஆனால் என்னிடம் இருந்தது அதுதான்.

போன வருடம் ஒரு பிள்ளையின் கை தவறி டெப் விழுந்து கண்ணாடி போனது. டவுனில் ஒரு கடையில் டிஸ்ப்ளே மாற்றினேன். ஒரிஜினல் இல்லை, கொப்பி. கடை டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் திறந்தால் தெகல்தொருவச் சுவர் முழுக்க ரோஸ். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வசதியை நிறுத்தினேன். இரவு முறையை நிறுத்தினேன். செட்டிங்கில் சிவப்பைக் கூட்டினால் முகமெல்லாம் செம்மண். நீலத்தைக் குறைத்தால் வெள்ளை யானைக்கு மஞ்சள் காமாலை. "மிஸ், கண்டிச் சித்திரத்தில பின்னணி ரோஸா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நிறம்தானே என்று விட முடியாது. கண்டி ஓவியர்கள் சிவப்புக்குச் சாதிலிங்கம் என்ற பாதரசக் கனிமத்தைப் பாவித்தார்கள் என்று கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி 'Mediaeval Sinhalese Art' நூலில் எழுதியிருக்கிறார். 1908இல் 425 பிரதிகள் மட்டும் அச்சான அந்த நூலை, இதே டெப்பில், மூடுபனி இறங்கிய ஒரு பின்னேரம் படித்தேன். சிங்கள ஓவியரும் அதைச் சாதிலிங்கம் என்றுதான் சொன்னார். நமது நாட்டு மருந்துக்கடையிலும் அதே பெயர். இதைச் சொன்ன அன்று வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி ரோஸைக் காட்டுவேன்?

பெரிய நூதனசாலைகளில் ஓவியத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் நிறப்பட்டி ஒன்றை வைப்பார்கள், பிறகு சரிபார்ப்பதற்கு. அந்த யோசனையில் மறுபடியும் விகாரைக்குப் போனேன். போஸ்டர் கலர், தடித்த அட்டை. சுவரைத் தொடாமல் தள்ளி நின்று கலந்து கலந்து பூசினேன். எட்டாவது தடவைதான் சுவரும் அட்டையும் ஒன்றாகத் தெரிந்தன. இப்போது வகுப்பில் டெப்புக்குப் பக்கத்தில் அந்த அட்டையைப் பிடிக்கிறேன். "கோட்டைத் திரையில பாருங்க, நிறத்தை அட்டையில பாருங்க" என்கிறேன். மற்ற நேரம் வெயில் படாமல் கவருக்குள் வைத்திருப்பேன்.

தங்கச்சி, நீ வாங்காதே. செகண்ட் ஹேண்ட் என்றால் டிஸ்ப்ளே மாற்றினதா இல்லையா என்று கடைக்காரர் சொன்னால்தான் உண்டு. அந்தக் காசுக்கு ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளைத் தெகல்தொருவக்குக் கூட்டிக்கொண்டு போ. ஒட்டுப்படத்தை நான் அனுப்புகிறேன். போய் வந்த பிறகு உன் போனிலேயே காட்டு.

எனக்குக் கொழும்பில் ஒரிஜினல் டிஸ்ப்ளே ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். சம்பளம் வந்ததும் போகிறேன். அட்டையையும் கொண்டுபோவேன், கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் காசு.