வயலை எரிப்பதா, வாசலை அடைப்பதா: பசியை ஆயுதமாக்கிய இரண்டு மன்னர்கள்

இடைக்கால ஐரோப்பாவில் பஞ்சம் போரின் பின்விளைவு மட்டும் இல்லை, பல நேரம் போர்த் திட்டமே அதுதான்.

1069-70 குளிர்காலத்தில் வட இங்கிலாந்தின் கலகத்தை அடக்க வந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம், தானியம், கால்நடை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். 1086இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில்கூட, அந்த வட பகுதியில் இருக்கும் யார்க்‌ஷரின் பல கிராமங்களுக்கு நேரே 'பாழ்' என்றுதான் இருக்கிறது, பதினாறு வருடம் கழித்தும்!

சரி, இன்னொரு இங்கிலாந்து மன்னரான ஐந்தாம் ஹென்றி? 1418 ஜூலையில் பிரான்சின் ரூவான் நகரைச் சுற்றி வளைத்தார். உள்ளே இருந்தவர்கள் குதிரை, நாய், பூனை, எலி வரை தின்றார்கள், அப்புறம் நகரத்தாரே ஏழைகளையும் முதியவர்களையும் ஆயிரக்கணக்கில் வெளியே தள்ளினார்கள், ஹென்றியோ வழிவிடவில்லை. மதிலுக்கும் படைக்கும் நடுவே பள்ளத்தில், குளிரில், புல்லைத் தின்று செத்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைக் கூடையில் மேலே இழுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, திரும்பவும் பள்ளத்துக்கே இறக்கியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் வில்லியம் செய்ததுதான் கொடியது என்பேன். முற்றுகைக்கு ஒரு முடிவு உண்டு, 1419 ஜனவரியில் ரூவான் சரணடைந்தது, கதவு திறந்தது. விதையும் மாடும் போன யார்க்‌ஷர் விவசாயி யாரிடம் சரணடைவார்?