பிரித்து ஊற்றி விற்கப்படும் உலோகப் பூச்சு: மாதிரி விமானம் செய்வோர் கவனத்திற்கு

மாதிரி விமானங்களுக்கு உலோகப் பளபளப்புத் தரும் ஆல்கிளாட் என்ற பிராண்டின் லாக்கர் (விரைவில் காயும் பூச்சு) என்று சொல்லி, சிறு குப்பிகளில் பிரித்து ஊற்றிய ஏதோ ஒன்றை இணையத்தில் ஒருவர் விற்றுவருகிறார். அவரிடம் நான் பணத்தையும் ஒரு நல்ல கிட்டையும் (மாதிரி விமானம் செய்வதற்கான பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு) இழந்தேன். எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் இத்தகைய பூச்சுகளை வெளிநாட்டிலிருந்து விமான அஞ்சலில் வரவழைப்பது கடினம். உள்ளூரில் சரக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் கூடுதலாக விசாரிக்காமல் வாங்கிவிடுவதை இவரைப் போன்றவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

நான் வாங்கியது, அசலில் 48-இல் ஒரு பங்கு (1/48) அளவிலான பி-51டி மஸ்டாங் என்ற இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் போர்விமான மாதிரிக்காக. அசல் விமானத்தில் உடற்பகுதியில்தான் வெற்று அலுமினியத் தகடு தெரியும். இறக்கைகளின் மேல் காற்று தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, தகட்டு இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் தொழிற்சாலையிலேயே பட்டி பார்த்துத் தேய்த்து, வெள்ளி நிற லாக்கர் அடித்து அனுப்பினார்கள். ஆகவே மாதிரியிலும் இறக்கை சற்று மங்கலாகவும் உடல் பளிச்சென்றும் இருந்தால்தான் பார்வைக்கு உண்மையாக இருக்கும். விலை கூடிய பூச்சைத் தேடிப் போனதே இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

பளபளப்பான கருப்பு அடிப்பூச்சு முழுமையாகக் காய்ந்த பிறகு, காற்றழுத்தத்தால் பூச்சைத் தெளிக்கும் ஏர்பிரஷில் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தம் வைத்து மெல்லிய படலமாக அடித்தேன். அசல் லாக்கராக இருந்தால் கருப்பு சிறிது சிறிதாக மறைந்து உலோகம் எழும். இங்கே முதலில் எழுந்தது மரச்சாமான் பட்டறைகளில் வரும் என்.சி. தின்னரின் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுகளைக் கரைக்கும் திரவம்) நெடி. பூச்சு காய்ந்தபோது, இரும்புக் கிரில்லுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்ட்டைப் போலத் துகள் துகளாக மினுங்கியது. ஒரு துகள் 0.05 மில்லிமீட்டர் இருந்தால் போதும், 1/48 கணக்கில் அது 2.4 மில்லிமீட்டர் பரலாகிவிடும். அப்படி ஒரு விமானத் தகடு உலகில் எங்கும் இல்லை.

அதைவிடப் பெரிய சேதம் அடியில் நடந்தது. வெறும் பிளாஸ்டிக்கில் நேரடியாகப் பட்டால் அசல் லாக்கரும் ஓரளவு அரிக்கக்கூடியதுதான். அதைத் தடுப்பதும் அடிப்பூச்சின் வேலைகளில் ஒன்று. இந்தத் தின்னரோ அடிப்பூச்சையே கரைத்துக்கொண்டு கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் வரை இறங்கிவிட்டது. விமானி அறைக்குப் பின்னால் முதுகு நெடுக மயிரிழை வெடிப்புகள் ஓட, தகட்டுக் கோடுகள் உருகி மழுங்கிப்போயின. பூச்சை நீக்கிவிடலாம், அரிக்கப்பட்ட பிளாஸ்டிக்கை என்ன செய்வது?

விற்றவர் முதலில் என் ஏர்பிரஷ் அழுத்தத்தைக் குறை சொன்னார், பிறகு அடிப்பூச்சைக் குறை சொன்னார். குப்பியில் மீந்ததைப் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் அடித்து, அதே துகள்களும் அதே வெடிப்பும் வருவதைக் காணொளியாக அனுப்பியதும் பதில் நின்றது. அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டார், பணம் வரவில்லை. அதே குப்பியின் படம் இப்போது வேறொரு கடைப் பெயரில் தென்படுகிறது.

பிரித்து ஊற்றிய குப்பி எதுவாயினும், கருப்பு அடித்த கரண்டியில் அடித்துப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் கிட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முழுக் குப்பி என்று சொல்லி விற்றால், மூடியின் முத்திரை உடையாமல் இருப்பதைக் காட்டும் படத்தைப் பணம் கட்டுமுன் கேளுங்கள்; அதைத் தர ஒருவர் தயங்கினால் அந்த ஆர்டரை அங்கேயே விட்டுவிடுங்கள்.