பொதுப் பெயர்களை அடித்துவிட்டுப் பாருங்கள்: ஃபேன்டசி ஃபுட்டி இறுதிச்சுற்று ஜோடிகள்

ஆகஸ்ட் பிறந்தால் மெல்பர்னில் ஃபேன்டசி ஃபுட்டி (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆடுவதற்கு ஏற்பப் புள்ளி சேர்ப்பது) ஆடுகிறவர்களுக்கு வியாழக்கிழமை மாலைகளில் சோறு இறங்காது. அன்றுதான் கிளப்கள் வார இறுதிக்கான அணிகளை அறிவிக்கும். ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கான நிஜ ஏஎஃப்எல்லின் இறுதிச்சுற்று செப்டம்பரில். ஆனால் 18 கிளப்களும் அதில் ஆடாது (2025 வரை 8தான்), நம் ஃபேன்டசி அணியில் பாதிப் பேர் அப்போது விடுமுறையில் இருப்பார்கள். அதனால் ஃபேன்டசி லீக்குகள் தங்கள் இறுதிச்சுற்றை லீக் ஆட்டங்களின் கடைசி நான்கு வாரங்களிலேயே நடத்தி முடித்துவிடும்.

நான் அலச எடுத்துக்கொண்டது 2023. எங்கள் லீக் என்பது டாண்டினாங் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் 18 பேர். அப்போதைய ஏஎஃப்எல் வழியிலேயே முதல் எட்டு இடம் பிடித்தவர்கள் உள்ளே. முதல் வாரம் 1-4, 2-3, 5-8, 6-7 என்று மோத வேண்டும். முதல் நான்கு இடக்காரர்கள் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. மற்ற நால்வரும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் மூன்றாம் இடம். எனக்கு எதிரே இரண்டாம் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர், கோலிங்வுட் கிளப் பைத்தியம். தேநீர்க் கோப்பைகூடக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டது.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஏஎஃப்எல் ஃபேன்டசியில் உதைக்கு 3, கையால் குத்திக் கொடுக்கும் ஹேண்ட்பாலுக்கு 2, பந்தை நேரே பிடிக்கும் மார்க்குக்கு 3, பந்து வைத்திருப்பவரை மடக்கிப் பிடிக்கும் டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6, நடுக் கம்பங்களைத் தப்பி ஓரக் கம்பத்துக்குள் போகும் பிஹைண்டுக்கு 1, ரக்மேன் பந்தைத் தட்டிவிடும் ஒவ்வொரு ஹிட்அவுட்டுக்கும் 1. எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தால் 3 போய்விடும். களத்தில் 22 பேர்: பின்களம் 6, நடுக்களம் 8, ரக் 2, முன்களம் 6. கேப்டனுக்கு இரட்டிப்பு. ஐபிஎல் ஃபேன்டசியில் ஆடிப் பழகியவர்கள் வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு எதிர்பார்ப்பார்கள், இங்கே அது கிடையாது. கேப்டன் களமிறங்காவிட்டால்தான் இரட்டிப்பு வைஸ் கேப்டனுக்குப் போகும்.

சரி, ஜோடிகளுக்கு வருவோம். எல்லோரும் செய்யும் முதல் தவறு, இரண்டு அணிகளின் சராசரியையும் கூட்டிப் பார்த்து யார் பெரியவர் என்று முடிவு கட்டுவது. ஆகஸ்டில் நல்ல அணிகள் எல்லாம் ஒரே முகம்தான். மார்ச்சில் வேறு வேறாகத் தொடங்கினாலும், வாரா வாரம் டிரேட் (ஓர் ஆளை விட்டு வேறு ஆளை எடுப்பது) செய்து செய்து எல்லோரும் அதே பெரிய ஆட்களிடம் வந்து நின்றிருப்பார்கள். என் வழி எளிது. சமையலறை மேசையில் ஒரு தாள். இடப்பக்கம் என் 22, வலப்பக்கம் அவர் 22. இரண்டு பக்கமும் இருக்கும் பெயரை அடித்துவிடுவேன். அந்த ஆட்டக்காரர் எத்தனை எடுத்தாலும் எங்கள் இருவருக்கும் ஏறுவது ஒன்றுதானே. ரோரி லெயர்ட், அடி. ஜோர்டன் டாசன், அடி. பொன்டெம்பெலி, அடி. ரக்கில் டிம் இங்கிலிஷ், அடி. நிக் டேகோஸ், அடி. பேனாவை வைத்தபோது 15 பெயர் போயிருந்தது. 22-க்கு 22 என்று நினைத்த மோதல் 7-க்கு 7 ஆகிவிட்டது.

அந்த ஏழில் எனக்கு உண்மையில் கவலை தந்தது ரக். என்னிடம் செயின்ட் கில்டாவின் ரோவன் மார்ஷல். அவரிடம் மெல்பர்ன் கேப்டன் மேக்ஸ் கான். சராசரியைப் பார்த்தால் மார்ஷலைத்தான் யாரும் எடுப்பார்கள். அணியின் ரக் பொறுப்பு முழுக்க அவர் தோளில், அது போகக் களமெங்கும் ஓடி மார்க்கும் டேக்கிளும் சேர்ப்பார். ஆனால் கானின் சராசரி நம்மை ஏமாற்றும் எண். சீசன் தொடக்கத்தில் முழங்கால் காயம். திரும்பி வந்த பிறகு, கோலிங்வுட்டிலிருந்து வந்து சேர்ந்த ப்ரோடி கிரண்டியோடு ரக் வேலையைப் பங்கு போட வேண்டியிருந்தது. பாதி ஹிட்அவுட் அங்கே போனது. ஜூலையில் கிரண்டி அணியிலிருந்து நீக்கப்பட்டதும் கான் பழைய கானாகிவிட்டார். இறுதிச்சுற்றில் பார்க்க வேண்டியது இந்த மாதிரி வேலை மாற்றத்தை. ஏப்ரலில் எடுத்த புள்ளிகள் ஆகஸ்டுக்கு உதவாது. அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

நடுக்களத்தில் என் ஸாக் மெரெட்டுக்கு எதிரே அவருடைய பேட்ரிக் கிரிப்ஸ். இது யார் சிறந்த ஆட்டக்காரர் என்ற கேள்வியே இல்லை. கிரிப்ஸ் 2022-இன் பிரவுன்லோ பதக்கம், அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம், வாங்கியவர். கூட்டத்துக்குள் புகுந்து, நாலு பேர் மேலே விழுந்தாலும் பந்தை வெளியே எடுத்து விடுவார். ஆனால் ஏஎஃப்எல் ஃபேன்டசிக்கு அந்த வியர்வை கண்ணில் படாது. அடிதடியில் எடுத்த பந்துக்கும், ஆள் இல்லாத இடத்தில் வாங்கிய பந்துக்கும் ஒரே கூலி. சும்மா நின்று ஒரு மார்க், அப்படியே ஓர் உதை, 6 புள்ளி. கோலுக்குத் தனியாகக் கிடைப்பதும் அதே 6. மெரெட் மாதிரி ஓடிக்கொண்டே வாங்கி, உதைத்து, மறுபடி வாங்குகிறவருக்கு இது சொந்த வீடு. இதே ஜோடி சூப்பர்கோச் என்ற இன்னொரு ஃபேன்டசி ஆட்டத்தில் என்றால் என் பேனா கிரிப்ஸ் பக்கம் சாயும். அங்கே போராடி எடுத்த பந்துக்கு மதிப்பு அதிகம், வீணான உதைக்கு வெட்டு. ஓர் ஆட்டத்துக்கு மொத்தமே 3,300 புள்ளிதான், களத்தில் இருப்பவர்கள் அதைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது செய்த காரியத்துக்கு எடை கூடும்.

அப்புறம் பின்களத்திலிருந்து பந்தைக் கொண்டுவருகிற இருவர். அவரிடம் ஜாக் சின்க்ளேர், 2022-இல் ஆல் ஆஸ்திரேலியன், அதாவது அந்த சீசனின் சிறந்த அணியில் இடம் பிடித்தவர். செயின்ட் கில்டாவின் சொந்த மைதானமான மார்வெல் ஸ்டேடியத்துக்குக் கூரை உண்டு. மூடிவிட்டால் மழையும் காற்றும் இல்லை, ஆகஸ்டில் அது வரம். என்னிடம் நார்த் மெல்பர்னின் ஹாரி ஷீசல், முதல் சீசன் பையன். நார்த் அந்த வருடம் மொத்தமே 3 ஆட்டம்தான் வென்றது. சில ஆட்டங்களை ஹோபார்ட்டில், டெர்வென்ட் ஆற்றங்கரைக் காற்றில் ஆடியது. தோற்கும் அணியின் ஆளை யார் எடுப்பார்கள் என்று கிடங்கில் கேலி செய்தார்கள். நான் அதை நேர்மாறாகப் பார்த்தேன். தோற்கும் அணியின் பின்களத்துக்குத்தான் பந்து ஓயாமல் வரும். பிஹைண்ட் விழுந்தால் மறுபடி உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவதும் அங்கேதான். ஷீசல் அறிமுக ஆட்டத்திலேயே 34 முறை பந்தை வாங்கிக் கொடுத்தவர். சரிசமம் என்று எழுதினேன். மற்ற நாலு ஜோடிகளில் சொல்ல ஒன்றுமில்லை. இரு பக்கமும் இளம் பையன்கள், பூவா தலையா.

ஆக ரக் அவருக்கு, நடுக்களம் எனக்கு, மிச்சம் சமம். இப்படி வந்து நின்றால் எல்லாமே கேப்டன் பட்டைதான். அடித்துவிட்ட பெயர் மறுபடி உயிர் பெறுவது அங்கே மட்டும். நீங்கள் முன்னணியில் இருந்தால் எதிராளி யாரைக் கேப்டனாக்குவாரோ அவரையே நீங்களும் ஆக்குங்கள், ஆட்டம் உறைந்துவிடும். பின்தங்கியிருந்தால் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும், அதுவும் எதிராளியிடம் இல்லாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. இன்னொரு பழைய தந்திரமும் உண்டு. வெள்ளி இரவு ஆடுகிறவரை வைஸ் கேப்டனாக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பது. அவர் வெளுத்து வாங்கினால், அந்த வாரம் ஆடவே ஆடாத ஒருவரைக் கேப்டனாக்கி இரட்டிப்பை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும்போது அதில் ஆடுகிறவர்கள் மட்டும் பூட்டப்படுவதால்தான் இது நடக்கிறது.

என் எதிராளி இந்தக் கணக்கெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. அவருக்குக் கேப்டன் மார்ச் முதல் ஒருவர்தான், கோலிங்வுட்டின் நிக் டேகோஸ். அதில் தப்பும் சொல்ல முடியாது, பிரவுன்லோவுக்கே முன்னணியில் இருந்த ஆள். நான் கேப்டன் பட்டையை வேறிடத்தில் கட்டினேன்.

அந்த வாரம், 21ஆம் சுற்று, எம்சிஜியில் ஹாத்தார்னுக்கு எதிரே கோலிங்வுட். ஹாத்தார்ன் ஃபின் மகின்னஸை டேகோஸ் மேல் டேக் போட்டது. ஒட்டிக்கொண்டே ஓடுவது, பந்து எங்கே போனாலும் தன் கண் அந்த ஒருவர் மேலேயே, அவ்வளவுதான் வேலை. டேகோஸ் மொத்த ஆட்டத்திலும் பந்தை வாங்கிக் கொடுத்தது 5 முறை. முழங்காலிலும் அடி. லீக்கின் மிச்ச மூன்று சுற்றும் அவர் ஆடவில்லை. பிரவுன்லோவும் கைவிட்டுப் போனது: லாக்கி நீல் 31 ஓட்டு, பொன்டெம்பெலி 29, டேகோஸ் 28.

இப்போது நான்கு ஜோடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1-4 மோதலில் இருவரிடமும் டேகோஸ், இருவருக்கும் அவர் கேப்டன் இல்லை. பேரிடியாகத் தெரிந்தது அங்கே ஒரு கொசுக்கடிகூட இல்லை. எங்கள் 2-3 மோதலில் அவர் அடிக்கப்பட்ட பெயர்தான், ஆனால் எதிராளியின் பட்டை அவர் கையில். எனக்கு என் கேப்டன் வழக்கம்போல ஆடினாலே போதும் என்றாகிவிட்டது, வென்றேன். 6-7 பற்றி நினைவில் நிற்பது, ஏழாமவர் அணி பூட்டிய பிறகுதான் தூங்கி எழுந்தார் என்பது மட்டும். 5-8 தான் சுவாரசியம். ஐந்தாமவரிடம் டேகோஸ் இருந்தார், எட்டாமவரிடம் இல்லை. எங்கள் லீக்கில் அவரை வைத்திராத ஒரே ஆள் அந்த எட்டாமவர்தான். இரவு ஷிஃப்ட்காரர், பரம்பரை கார்ல்டன் ரசிகர். கோலிங்வுட் ஆளைத் தொடுவதில்லை என்பது வீட்டு விரதம். ஒரே நாளில் ஐந்தாமவர் வெளியே.

டிரேட் கணக்கும் ஜோடிக்கு ஜோடி மாறும். எங்கள் லீக்கில் வாரம் 2 டிரேட், சேர்த்து வைக்க முடியாது. வென்ற எனக்கு அடுத்த வாரம் ஓய்வு. ஓய்வு வாரத்திலும் டிரேட் உண்டு என்பதால் பதற்றமில்லாமல் டேகோஸை மாற்றிவிட்டேன். தோற்றவருக்கு அதே டிரேட்டை உயிர் போகும் ஆட்டத்துக்கு முன் செய்ய வேண்டியிருந்தது. சூப்பர்கோச்சில் இன்னும் கொடுமை. மொத்த சீசனுக்கும் ஓர் எண்ணிக்கைதான், ஜூனிலேயே செலவழித்தவர்கள் ஆகஸ்டில் காயம்பட்டவரைப் பெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். டிராஃப்ட் லீக் என்றால் இந்த அடித்தல் வேலையே கிடையாது. ஒரு வீரர் ஓர் அணியில்தான் இருப்பார், 22-க்கு 22 நிஜமாகவே மோதும். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் கிடங்கில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை.

கடைசி வாரத்தின் ஆபத்து ஒன்று பாக்கி. இடம் உறுதியான கிளப்கள் பெரிய ஆட்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும். 2015-இன் கடைசிச் சுற்றில் ஃப்ரீமேன்டிலும் நார்த் மெல்பர்னும் அணியைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிட்டு இறங்கின. நார்த் 9 பேரை மாற்றி ரிச்மண்டிடம் தோற்றது. அடுத்த வாரமே, தோற்றால் வெளியே என்ற எலிமினேஷன் ஃபைனலில் அதே ரிச்மண்டை வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் கூத்துக்குப் பிறகுதான் 2016 முதல் இறுதிச்சுற்றுக்கு முன்னால் ஒரு வார இடைவெளி வந்தது. இடைவெளி வந்தாலும், இறுதிச்சுற்று வாய்ப்பு இழந்த கிளப்கள் ஆளை அறுவைச் சிகிச்சைக்கு அனுப்புவது நிற்கவில்லை. அதனால் இரண்டு சம ஆட்களுக்கிடையே தேர்வு என்றால், இறுதிச்சுற்றின் கடைசி இடங்களுக்கு முட்டிமோதும் கிளப்பின் ஆளையே நான் எடுப்பேன். அந்தக் கிளப் அவரை உட்கார வைக்காது.

23ஆம் சுற்றில் எனக்கு எதிரே வந்து நின்றவர் அந்த எட்டாமவரேதான். ஐந்தாமவரை வென்று, 1-4 மோதலில் தோற்றவரையும் வென்றுவிட்டு வந்திருந்தார். தாளை எடுத்து அடித்துப் பார்த்தேன். 9 பெயர்தான் போனது, 13-க்கு 13. இது வேறு மாதிரி மோதல். ஏழு பேருக்குள் ஒருவர் சொதப்புவதைக் கணிக்கலாம், பதின்மூன்று பேரின் வார இறுதியைக் கணிக்க என்னால் முடியாது. போதாக்குறைக்கு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு என் நடுக்கள ஆள் ஒருவர் விலக்கப்பட்டார். நான் அப்போது கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன், செய்தியைப் பார்த்தபோது அவர் இடம் பூட்டியிருந்தது. அவருக்குப் பதில் புள்ளி தரும் எமர்ஜென்சி ஆளையும் வைத்திருக்கவில்லை. தோற்றேன்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவரைப் பிடித்து, என் அணியில் யாரைப் பார்த்துப் பயந்தீர்கள் என்று கேட்டேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "உன் அணியா? அதை நான் திறந்தே பார்க்கலையே."