தற்காலிக ஊனத்துக்கு யார் காசு: கலிஃபோர்னியாவா நியூயார்க்கா?

வேலைக்கு வெளிய அடிபட்டு கால் ஒடிஞ்சு ரெண்டு மாசம் படுத்துட்டா சம்பளத்துக்கு என்ன வழி? இந்த ரெண்டு மாநிலத்துலயும் அதுக்கு சட்டம் இருக்கு, ஆனா காசு வர்ற வழி வேற வேற.

கலிஃபோர்னியால 1946-லயே ஆரம்பிச்சுட்டாங்க. மொத்த பணமும் தொழிலாளி சம்பளத்துல இருந்துதான் பிடிக்கிறாங்க, முதலாளி ஒரு பைசா போட வேண்டாம். 2025-ல 1.2 சதவீதம், எவ்வளவு சம்பளம் வரைக்கும் பிடிக்கலாம்ங்கிற உச்சவரம்பையும் 2024-ல இருந்து எடுத்துட்டாங்க. அதாவது 2025-ல 1 லட்சம் டாலர் வாங்குனவருக்கு 1,200 டாலர் போச்சு, பே ஸ்லிப்ப பாத்தா கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருக்கும். ஆனா திரும்பி வர்றத பாருங்க, 2025-ல இருந்து சம்பளத்துல 70-லேர்ந்து 90 சதவீதம், 52 வாரம் வரைக்கும். வாரத்துக்கு அதிகபட்சம் 2025-ல 1,681 டாலரா இருந்துச்சு.

நியூயார்க்ல தொழிலாளிகிட்ட வாரத்துக்கு 60 சென்ட்டுக்கு மேல பிடிக்கக் கூடாது, மிச்ச காப்பீட்டு பிரீமியம் முதலாளி தலைல. கேக்க சூப்பரா இருக்கு, வருஷத்துக்கு முப்பத்தி சொச்சம் டாலர்தானே. ஆனா கிடைக்கிறது பாதி சம்பளம், அதுவும் வாரம் 170 டாலர் வரைக்கும்தான், 26 வாரம். அந்த 170 வந்தது 1989-ல, அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு! நியூயார்க் வாடகைக்கு இது எந்த மூலைக்கு?

ரெண்டுலயும் முதல் 7 நாளுக்கு காசு கிடையாது.

என்னைக் கேட்டா கலிஃபோர்னியா பக்கம்தான். ஆனா முதலாளியும் கொஞ்சம் போடலாம், அது மட்டும் உறுத்துது.