கேம்பர் வேன் கூலண்ட் கசிவுக்குக் கைப்பம்பு பிரஷர் டெஸ்டர்: வாங்கலாமா?

பழைய ஃபோக்ஸ்வாகன் டி3 கேம்பரில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைய ஆரம்பித்தால் பலரும் முதலில் வாங்குவது கசிவை அடைக்கும் திரவப் புட்டியைத்தான். அந்தக் காசைக் கைப்பம்பு பிரஷர் டெஸ்டரில், அதாவது கூலண்ட் பாதையில் காற்றழுத்தம் ஏற்றிக் கசிவைக் காட்டும் கருவியில், போடுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் எதை ஊற்றினாலும் வீண்.

இந்த வேனுக்குத் தண்ணீரால் குளிரும் பெட்ரோல் எஞ்சின் 1982-இல் வந்தது. முதலில் 1.9 லிட்டர், பிறகு 2.1. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இடையே வண்டியின் நீளத்துக்கு இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. முன்னால் வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கும் ஒரு ஹீட்டர், பல வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியில் இன்னொன்று, கிளை பிரியும் இடமெல்லாம் பிளாஸ்டிக் இணைப்புகள். மொத்தம் சுமார் 17 லிட்டர் கூலண்ட். ஓடும்போது காற்று துளியை வேறிடத்துக்குத் தள்ளிவிடும். சூடான எக்ஸாஸ்டில் விழுந்த துளி ஆவியாகிவிடும். அதனால் நிற்கும் வண்டியில், எஞ்சினை ஓட்டாமல் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதுதான் சரி.

டெஸ்டர் பெட்டியில் கேஜ் (ஊசியால் அழுத்தம் காட்டும் மானி) வைத்த கைப்பம்பு, ஒரு ஹோஸ், டேங்க் மூடிக்குப் பதிலாக மாட்டும் அடாப்டர்கள் இருக்கும். இருபது அடாப்டர் இருக்கிறது என்பதில் மயங்க வேண்டாம், உங்களுக்குத் தேவை ஒன்றுதான். டி3-இல் அது எஞ்சின் அறையில் இருக்கும் அழுத்த டேங்கின் திருகு மூடிக்குப் பொருந்த வேண்டும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் நிரப்பு டேங்கில் அழுத்தம் இல்லை, அங்கே மாட்டிப் பயனில்லை. மூடியைக் கையில் வைத்து மரையை ஒப்பிட்டு வாங்குங்கள். மூடியையே சோதிக்கும் இணைப்பு பல மலிவுப் பெட்டிகளில் இருப்பதில்லை. இது பெரிய குறை. சுமார் 1 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) திறக்க வேண்டிய மூடி தளர்ந்து முன்பே திறந்தால், கூலண்ட் நிரப்பு டேங்குக்குப் பொங்கிப் போய், கசிவு போலவே தோன்றும்.

இன்னொரு குறை: மலிவுப் பெட்டிகளில் ஹோஸை அடாப்டரோடு இணைக்கும் கப்ளரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தானே காற்று விடும். ஊசி இறங்குகிறதென்றால் முதலில் கப்ளர், அடாப்டர் மேல் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் பழுது பெட்டியில்தான்.

எஞ்சின் முழுக்க ஆறியபின் தொடங்குங்கள். கூலண்டைச் சரியான அளவுக்கு நிரப்பி, ஹீட்டர் வால்வுகளைத் திறந்து, பம்பை மாட்டி 1 பார் வரை மெதுவாக ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். முப்பது ஆண்டைக் கடந்த ஹீட்டரும் பிளாஸ்டிக் டேங்கும் தாங்காது. 15 நிமிடம் விட்டு, டார்ச்சும் சிறு கண்ணாடியுமாக வண்டிக்கு அடியில் போங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்பின் கசிவுத் துளை, பிளாஸ்டிக் குழாயின் முனையில் செருகியிருக்கும் உலோகத் துண்டு, ரேடியேட்டரின் கீழ் மூலைகள், இவற்றையெல்லாம் தொட்டுப் பாருங்கள். பின் சீட்டு அடியில் தரைவிரிப்பு ஈரமாக இருந்தால் அந்த ஹீட்டர்.

பிறகு சிலிண்டர் ஹெட்டின் கீழ் விளிம்பு. இந்த எஞ்சினின் நிஜமான பலவீனம் இங்கேதான். சிலிண்டரில் எரியும் வாயுவை உலோக வளையம் தடுக்கிறது. வெளிப்புறத் தண்ணீரைத் தனியாக ஒரு ரப்பர் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் பட்டை) தடுக்கிறது. பழைய கூலண்ட் அரித்து அலுமினியத்தில் குழி விழுந்தால் ரப்பர் படியாது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே காய்ந்த உப்புப் பொருக்கும், அதன் நுனியில் ஒரு துளியும் நிற்கும். ஹெட் நட்டுகளைச் சுற்றியும் பாருங்கள், அந்த நட்டுகள் மாட்டும் ஸ்டட்கள் (மரையிட்ட கம்பிகள்) தண்ணீருக்குள்ளே போவதால் அங்கிருந்தும் கசியும். குளிரில் மட்டும் ஒழுகி, சூடேறி உலோகம் விரிந்ததும் நின்றுவிடும் கசிவு உண்டு. ஆறிய எஞ்சினில் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஊசி மட்டும் இறங்குகிறது என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கூலண்ட் சிலிண்டரில் இறங்கியிருந்தால் பிளக் துளை வழியே பீய்ச்சும். கூடவே நீலத் திரவம் கொண்ட பிளாக் டெஸ்டரும் தனியாகக் கிடைக்கிறது. எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓட, டேங்கின் காற்றை அதற்குள் இழுத்தால், சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். டேங்கில் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் செய்யுங்கள், கூலண்ட் உள்ளே போனால் திரவம் கெட்டுவிடும். ஆனால் ஒன்று: நீலம் நீலமாகவே இருந்ததை வைத்து ஹெட் கேஸ்கெட் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ரப்பர் மட்டும் கெட்டிருந்தால் அங்கே எரிந்த வாயுவே வராது. இந்த எஞ்சினுக்கு பிரஷர் டெஸ்டரே முதல் கருவி, பிளாக் டெஸ்டர் அடுத்தது.

அடைப்புத் திரவத்தைப் பொறுத்தவரை, வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர உதவலாம். குழி விழுந்த ஹெட்டில் நிரந்தரமாக நிற்காது, ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும் அபாயமும் உண்டு.

வேக்குவம் ஃபில்லர் (குழாய்களின் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கூலண்ட் நிரப்பும் கருவி) சேர்ந்த பெட்டி விலை அதிகம், கம்ப்ரெஸரும் வேண்டும். காற்று மாட்டிக்கொள்ளும் இந்த நீளக் குழாய்களுக்கு அந்தச் செலவு தகும். அது இல்லாதவர்கள் வண்டியின் முன்பக்கத்தைச் சுமார் 40 செ.மீ. உயர்த்தி, ரேடியேட்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திறந்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் வைத்துக் குமிழி இல்லாமல் கூலண்ட் வரும்வரை விட வேண்டும். பாஸ்பேட் இல்லாத கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி. எஞ்சின் ஆறியதும் மறுபடி டெஸ்டரை மாட்டி 1 பார் ஏற்றுங்கள். 15 நிமிடம் ஊசி அசையாமல் நின்றபிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.